கவுண்ட்டி அலுவலகத்தில் நேர்ந்தவை: கரையோர விதி, பட்ஜெட், ஒப்பந்தம் (வாஷிங்டன் மாநிலம்)

உப்புக்காற்று:

ப்யூஜெட் சவுண்ட் என்ற கடற்கழியின் கரையில் வீடு வைத்திருப்பவர்களுக்கு மரத் தடுப்புச் சுவர் எப்படி மக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. எங்களுடையது முந்தைய உரிமையாளர் காலத்தில் அடித்தது. இரண்டு குளிர்காலங்களில் அதன் பின்னால் இருந்த மண் கரைந்து, புல்வெளியில் கால் வைத்தால் உள்வாங்கத் தொடங்கியது. பார்க்க வந்த ஒப்பந்ததாரர், தனிவீட்டை அரிப்பிலிருந்து காக்கும் சுவருக்குக் கரையோரச் சட்டத்தில் விலக்கு உண்டு என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கான்கிரீட் சுவருக்கு முன்பணமும் கொடுத்துவிட்டேன்.

பிறகுதான் கவுண்ட்டி (நம் மாவட்டம் போன்றது) திட்டத் துறையிலிருந்து அலுவலர் வந்தார். அவர் என்னிடம் அதிகம் பேசவில்லை. கரையில் குனிந்து, தரைச்செடிகள் எங்கே தொடங்குகின்றன என்று தேடிக்கொண்டே நடந்து, சுவர் சரிந்திருந்த இடத்தில் அதற்கும் உள்ளே, என் புல்வெளியின் ஓரத்தில், ஆரஞ்சு நிறக் கொடி ஒன்றை ஊன்றினார். சாதாரண உயர்நீர்க் கோடு அதுதான் என்றார். அங்கிருந்து நிலத்தின் பக்கம் 200 அடி வரை கரையோரச் சட்டத்தின் எல்லை. என் வீடு, கார் நிறுத்தும் கொட்டகை, தெருவின் பாதி எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டன.

அதைவிட மனதில் நிற்பது இன்னொன்று. கூட வந்த உயிரியலாளர் மேல்கரையிலிருந்து ஒரு பிடி சரளையை அள்ளி, லென்ஸைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். கல்லோடு ஒட்டிக்கொண்டு, கண்ணாடித் துளி போல, ஒரு மில்லிமீட்டர் அளவில் முட்டைகள் இருந்தன. சர்ஃப் ஸ்மெல்ட் என்ற சிறுமீன் அங்கேதான் முட்டையிடும் என்றும், அதைத் தின்றுதான் சால்மன் வளரும் என்றும் சொன்னார். ஏழு ஆண்டுகளாக அதன்மேல்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கான்கிரீட் வேண்டாம் என்று அலுவலர் சொல்லிவிட்டார். விலக்கு என்பது பர்மிட்டிலிருந்து மட்டுந்தான், விதிகளிலிருந்து அல்ல என்பதை முன்பணம் போன பிறகு தெரிந்துகொண்டேன். விலக்கு உண்டு என்பதற்கே கவுண்ட்டியிடம் ஒரு கடிதம் வாங்க வேண்டியிருந்தது. மீன், வனவிலங்குத் துறையின் அனுமதி தனி. வேறு யாராவது இந்தச் சொல்லில் இப்படி வழுக்கி விழுந்திருக்கிறீர்களா?

மூன்றாம் வரிசை:

எனக்கு நேர்ந்தது வேறு மாதிரி. எங்கள் ஏரி 20 ஏக்கருக்கு மேற்பட்டது என்பதால் அதற்கும் கரையோரச் சட்டம் உண்டு. அதில் ஒருவர் படகுத்துறையைப் பெரிதாக்க நிபந்தனைப் பயன்பாட்டு அனுமதி (தனியே ஆராய்ந்து, நிபந்தனைகளோடு தருவது) கேட்டிருந்தார். ஊரில் வளர்ந்த பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. தலைவரை நேரில் பார்த்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்றே நினைப்பேன். கடையில் பால் எடுக்கப் போன இடத்தில், கவுண்ட்டியை நடத்த நாங்கள் தேர்ந்தெடுத்த கமிஷனரைக் கண்டதும் அருகில் சென்று, "அந்தப் படகுத்துறை விஷயம்..." என்று தொடங்கினேன்.

ஒரு கையில் பால் புட்டியோடு நின்றவர், மற்றக் கையை உயர்த்தி, போக்குவரத்துக் காவலர் வண்டியை நிறுத்துவதுபோல் என்னை நிறுத்தினார். தயவுசெய்து மேலே சொல்லாதீர்கள், சொன்னால் நான் இந்த வழக்கில் உட்கார முடியாமல் போகலாம் என்று கூறிவிட்டு நகர்ந்தார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் திமிர் பிடித்தவர் என்று வீட்டில் வந்து சொன்னேன்.

விசாரணை நாளன்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முதல் சாட்சி எழுவதற்கு முன்பே அந்தக் கமிஷனர் மைக்கை இழுத்து, இன்ன நாளில் கடையில் ஒரு பெண்மணி இந்த விண்ணப்பத்தைப் பற்றிப் பேச முயன்றார், நான் தடுத்துவிட்டேன், நான் இதில் தொடர்வதற்கு யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். என் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அறையில் சேலை உடுத்தியிருந்தது நான் ஒருத்திதான்; நாற்காலிகள் ஒவ்வொன்றாக என் பக்கம் திரும்பின.

பட்ஜெட்டைப் பற்றியோ புதிய விதி கொண்டுவருவதைப் பற்றியோ என்றால் அவரிடம் எங்கே வேண்டுமானாலும் பேசியிருக்கலாமாம். ஒரு குறிப்பிட்ட நபரின் விண்ணப்பம் என்றால் அவர் நீதிபதி இடத்தில் இருக்கிறார். இரண்டுக்கும் ஒரே ஆள், ஒரே முகம். எப்படித் தெரிந்துகொள்வது?

தார்ச்சாலை:

உப்புக்காற்று, உங்கள் முன்பணத்துக்கு வருந்துகிறேன், ஆனால் நீங்கள் எழுதியதைப் படிக்கிறவர்கள் கவுண்ட்டி உங்களை மாட்டிவிட்டதாக நினைப்பார்கள். 1971-இல் சட்டமன்றம் இயற்றி, 1972-இல் மக்களே வாக்களித்து உறுதி செய்த சட்டம் இது. ஒரு வீட்டுக்குக் கட்டும் சுவரில் மோதித் திரும்பும் அலை அடுத்த வீட்டுக் கரையைத் தின்னும். மேட்டிலிருந்து சரிந்து வரவேண்டிய மணல் வராமல் போனால் கீழே உள்ள கரையெல்லாம் வெறுங்கல்லாகும். ப்யூஜெட் சவுண்ட் கரையில் கால் பங்குக்கு மேல் ஏற்கெனவே இப்படிச் சுவர் எழுந்துவிட்டது. கான்கிரீட் வேண்டாம் என்று சொன்ன அலுவலரைக் குறை சொல்லிப் பயனில்லை.

என் கதைக்கு வருகிறேன். எங்கள் சாலை நகர எல்லைக்கு வெளியே இருப்பதால் கவுண்ட்டியின் பொறுப்பு. குழிகளை எண்ணி, படம் எடுத்து, டிசம்பரில் நடந்த பட்ஜெட் விசாரணைக்கு அரை நாள் விடுப்பு எடுத்துப் போனேன். நாற்பது நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நானும், பின்னல் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பாட்டியும் மட்டுமே உட்கார்ந்திருந்தோம். எனக்குக் கொடுத்த மூன்று நிமிடத்தில், ஷெரிஃபுக்கும் நீதிமன்றத்துக்கும் சிறைக்கும் போகும் தொகையைக் காட்டி, அதில் ஒரு துண்டை என் சாலைக்கு வெட்டித் தாருங்கள் என்று ஆவேசமாகப் பேசினேன்.

கமிஷனர் பொறுமையாக விளக்கினார். நீங்கள் காட்டுவது பொது நிதி. சாலைக்கென்று தனி வரி, தனி நிதி இருக்கிறது. எந்தச் சாலையில் எந்த ஆண்டு வேலை என்பது ஆறாண்டுத் திட்டப் பட்டியலில் வரும். அதற்கான பொது விசாரணை முடிந்து பட்டியலும் ஏற்கப்பட்டுவிட்டது, உங்கள் சாலை அதில் இல்லை. இதைச் சொல்லி முடித்ததும் வாக்கெடுப்பு நடந்தது. மூன்று "ஆம்", சில நொடிகள். கவுண்ட்டியின் ஓர் ஆண்டுச் செலவு முழுவதும் என் கண்முன்னே நிறைவேறியது. வெளியே வரும்போது அந்தப் பாட்டி பின்னலைப் பையில் வைத்துக்கொண்டே, துறைகள் தங்கள் மதிப்பீடுகளைக் கோடையிலேயே கொடுத்துவிடுகின்றன, பேச நினைப்பவர்கள் அப்போதே வரவேண்டும் என்றார். அவர் எல்லாக் கூட்டத்துக்கும் வருகிறவராம்.

வருகிறவர்கள் இன்னொன்றையும் அறிந்திருப்பது நல்லது. 2001-இல் மக்கள் கொண்டுவந்த முன்மொழிவின்படி சொத்து வரி வசூலை, புதுக் கட்டடங்களால் வருவது நீங்கலாக, மக்களின் வாக்கில்லாமல் ஆண்டுக்கு 1 சதவீதத்துக்கு மேல் உயர்த்த முடியாது. 2007 நவம்பரில் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதே மாதத்தில் சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் போட்டுத் திரும்பக் கொண்டுவந்தது. சம்பளமும் மருத்துவக் காப்பீடும் தாரும் 1 சதவீதத்தோடு நிற்பதில்லை. ஷெரிஃப், அரசு வழக்கறிஞர், வரி மதிப்பீட்டாளர், ஆடிட்டர் என்று பலரும் தனித்தனியே மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்பதால், கமிஷனர்கள் பணத்தைக் குறைக்கலாமே தவிர அவர்கள் அலுவலகத்தை எப்படி நடத்துவது என்று சொல்ல முடியாது. ஆடிட்டர் என்றதும் நம் ஊர்த் தணிக்கையாளரை நினைக்காதீர்கள். இங்கே தேர்தல் நடத்துவதும் பத்திரம் பதிவதும் அவர்தான்.

ஆகவே முதலில் ஆறாண்டுப் பட்டியலைப் படியுங்கள், பிறகு விடுப்பு எடுங்கள், படங்களை முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்புங்கள், மூன்று நிமிடத்துக்கு ஒரே ஒரு கோரிக்கையோடு போங்கள்.

உறைக்காரர்:

நான் யாரிடமும் ஆலோசனை கேட்கவில்லை, கொடுக்கப்போவதும் இல்லை. சாலைக்கு அடியில் ஓடை போகும் ஒரு மதகுக் குழாயை மாற்றும் வேலைக்கு ஒப்பந்தப்புள்ளி கொடுத்தேன். சால்மன் ஏறிப்போக முடியாத குறுகிய குழாயை எடுத்துவிட்டு அகலமானதைப் போடும் வேலை. நீதிமன்ற உத்தரவின்படி 2030-க்குள் அப்படி மாற்ற வேண்டியது மாநிலத்தின் குழாய்கள்தான். இது கவுண்ட்டி தானாக எடுத்த வேலை.

மூன்று வாரம் கணக்குப் போட்டோம். ஏலத்தொகையில் 5 சதவீதத்துக்கான உத்தரவாதப் பத்திரமும் உள்ளே வைத்தாயிற்று. கடைசி விலையைத் துணை ஒப்பந்ததாரர் ஒன்றரை மணிக்குத்தான் சொன்னார். காரில் உட்கார்ந்தே எண்களை நிரப்பி, உறையை ஒட்டி, மாடிப்படி ஏறி ஓடினேன். என் கைப்பேசியில் 1:59. மேசைக்கு மேலிருந்த சுவர்க் கடிகாரத்தில் 2:01. அந்த அம்மாள் உறையை வாங்கி, கடிகாரத்தைப் பார்த்து, அதைப் பிரிக்காமலேயே என் பக்கம் தள்ளிவிட்டார். அவர் முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை.

எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. மற்ற உறைகளைப் பிரித்து விலைகளை உரக்க வாசித்ததை, மடியில் என் உறையோடு உட்கார்ந்து கேட்டேன். நான்கு விலைகள். நான்கும் என்னுடையதைவிட அதிகம். இரண்டு வாரம் கழித்து அந்த ஒப்பந்தம் கமிஷனர்கள் கூட்டத்தில் வந்ததைப் பார்த்தேன். வந்தது என்பதுகூடச் சரியில்லை. கான்சென்ட் அஜெண்டா என்று பதினைந்து உருப்படிகளைக் கட்டாகக் கட்டி ஒரே வாக்கில் நிறைவேற்றினார்கள், அதில் ஒன்பதாவது அது.

அந்த உறையை இன்னும் நான் பிரிக்கவில்லை.

உப்புக்காற்று:

தார்ச்சாலை, அலுவலரை நான் எங்கே குறை சொன்னேன்? லென்ஸைக் கொடுத்தவரைப் பற்றி நன்றியோடுதான் எழுதினேன். என் மனத்தாங்கல் அந்தச் சொல்லின்மேல்தான். பழைய சுவரை மாற்றும்போது கரைக்கு மிகக் குறைந்த பாதிப்புள்ள வழியைத்தான் ஆராய வேண்டும் என்று 2021-இல் வந்த திருத்தத்தை என் ஒப்பந்ததாரர் அறிந்திருக்கவில்லை, நானும் அறிந்திருக்கவில்லை. நீங்கள் வரலாறு சொல்லிவிட்டீர்கள், முன்பணம் திரும்பவில்லை.

பழைய ஃபைல்:

எனக்கு நேர்ந்தது சிறியது. ஏரிக்கரையில் கருவிகள் வைக்க ஒரு கொட்டகை போட்டேன், விலை 8,504 டாலருக்குக் கீழே இருந்தால் முக்கியக் கட்டுமான அனுமதி தேவையில்லை என்று படித்துவிட்டு. கரையிலிருந்து விட வேண்டிய தூரம் என்று ஒன்று இருக்கிறது என்பதைப் படிக்கவில்லை. கொட்டகையைப் பிரித்தேன்.

ஆனால் மேலே சிலர் எழுதியதில் திருத்த வேண்டியவை இருக்கின்றன. மூன்றாம் வரிசை அவர்களே, கமிஷனர் உங்களை மட்டுமல்ல, சக கமிஷனரையும் அப்படித்தான் நிறுத்துவார். எங்களுடையதைப் போல மூவர் மட்டுமே உள்ள கவுண்ட்டிகளில் இருவர் சேர்ந்தாலே கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை) ஆகிவிடுகிறது. ஆகவே 1971-இன் பொதுக் கூட்டச் சட்டத்தின்படி இருவரும் தாழ்வாரத்தில் நின்று கவுண்ட்டி வேலையைப் பற்றிப் பேசினால்கூட அது அறிவிப்பில்லாத கூட்டம். பல கவுண்ட்டிகளில் இத்தகைய விண்ணப்பங்களை ஹியரிங் எக்ஸாமினர் என்ற தனி அலுவலர் விசாரிப்பதால் இந்தச் சங்கடமே வருவதில்லை. உங்கள் வழக்கு கமிஷனர்களோடும் முடியவில்லை: நிபந்தனைப் பயன்பாட்டுக்கும், ஓர் இடத்துக்கு மட்டும் விதியைத் தளர்த்தும் வேரியன்ஸுக்கும் கடைசி முடிவு மாநில எக்காலஜி (சூழலியல்) துறையுடையது. அது முடிவை அனுப்பிய நாளிலிருந்து 21 நாளுக்குள் கரையோர விசாரணை வாரியத்தில் மேல்முறையீடு செய்யலாம். அதுவரை யாரும் மண்வெட்டி வைக்கக் கூடாது.

உறைக்காரர் அவர்களுக்கு: குறைந்த விலைக்காரருக்கே வேலை என்பது கட்டுமானத்துக்குப் பொருந்தும், அதிலும் "பொறுப்புள்ள" என்ற சொல் முன்னால் இருக்கிறது. வடிவமைக்கும் பொறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது விலையையே கேட்கக் கூடாது. தகுதியைப் பார்த்து ஒருவரை முதலில் வைத்து, பிறகுதான் தொகை பேசுவார்கள். அந்தப் பதினைந்து உருப்படிக் கட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் தனியாக விவாதிக்கும்படி எந்தக் கமிஷனரும் கேட்கலாம். குடிமகன் கேட்க முடியாது, ஆனால் கமிஷனரைக் கேட்கச் சொல்லலாம். அந்தக் கட்டின் பட்டியல் முன்கூட்டியே வெளியாகிறது, அன்றே படித்துவிடுங்கள். ஒப்பந்த நகல் வேண்டுமென்றால் பொது ஆவணச் சட்டத்தின்படி ஒரு கடிதம் போதும். ஐந்து வேலை நாளுக்குள் அவர்கள் ஏதாவது பதில் சொல்லியே ஆகவேண்டும், அந்தப் பதில் "இன்னும் ஆறு வாரம் ஆகும்" என்பதாகவும் இருக்கலாம். கேட்கும்போது கோப்பின் எண்ணைக் குறிப்பிடுங்கள், "எல்லா ஆவணங்களும்" என்று கேட்காதீர்கள். நான் கொட்டகை விஷயத்தில் அப்படிக் கேட்டு, முந்தைய மூன்று உரிமையாளர்களின் கழிவுத்தொட்டி வரைபடங்களையும் சேர்த்துப் பெற்றேன்.

உறைக்காரர்:

கேட்கவில்லை என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தேன், ஐயா.

மூன்றாம் வரிசை:

பழைய ஃபைல் எழுதியது எனக்கு உதவியது. எக்காலஜி துறையும் நிபந்தனைகளோடு சம்மதித்துவிட்டது. படகுத்துறை வரத்தான் போகிறது, ஆனால் விண்ணப்பித்த அளவில் அல்ல. நேற்று அதே கடையில் அந்தக் கமிஷனரைப் பார்த்தேன். அவரே அருகில் வந்து நலம் விசாரித்தார். அன்றைய கையுயர்த்தலுக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தவர்போலத் தோன்றியது. எக்காலஜியின் முடிவு வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று மனதுக்குள் எண்ணினேன். பத்தொன்பதுதான் ஆகியிருந்தது. இம்முறை நான் கையை உயர்த்திவிட்டு, பால் புட்டியோடு நகர்ந்தேன்.