மறு: ‘ஆர்டர்’ என்பதற்கு ‘விருதணி’ சரியா?

> பதக்கம், ஆர்டர் இரண்டுக்கும் ‘பதக்கம்’ என்றே எழுதிவிட்டால் என்ன?

வணக்கம் ஐயா. நாடு சிறப்பிக்க உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளும் விருதுக் குழுவைத்தான் இங்கே ஆர்டர் என்கிறோம். இரண்டையும் பதக்கம் என்றே எழுதலாம், ஆனால் அஞ்சல்தலை ஆல்பத்தில் பக்கம் பிரிக்கும்போதே இடிக்கும். பிரான்ஸ் 1952-இல் மெடாய் மிலித்தேர் என்ற இராணுவப் பதக்கத்தின் நூற்றாண்டுக்கு ஓர் அஞ்சல்தலை வெளியிட்டது. அது பதக்கம்தான்; 1852-இல் லூயி நெப்போலியன் ஏற்படுத்தியது. 1960-இல் வந்த ‘விடுதலை ஆர்டர்’ அஞ்சல்தலை அப்படியல்ல. பிரெஞ்சுத் தலைவர் டி கோல் 1940 நவம்பர் 16-இல் தொடங்கிய அந்த ஆர்டர் ஒரு குழு. 1038 பேர், 18 படைப்பிரிவுகள், 5 ஊர்கள் அதில் சேர்க்கப்பட்டார்கள். பாரிசும் கிரெனோபிளும் அந்த ஐந்தில் உண்டு. ஓர் ஊர் ‘உறுப்பாக’ இருப்பதைப் பதக்கம் என்ற சொல் தாங்காது.

ஆர்டர் என்றால் குழுவும் உண்டு, நெஞ்சில் குத்தும் சின்னமும் உண்டு. குழாம், அவை என்றால் ஆட்கள் மட்டும்தான் தெரிகிறார்கள். ‘அணி’ ஒன்றுதான் படையணியாகவும் அணிகலனாகவும் நிற்கிறது. ஆகவே விருதணி. விருதுகளையும் பதக்கங்களையும் ஆராயும் துறைக்கு விருதணியியல்.

> ‘விருது அணி’ என்று ஏவலாகப் படித்துவிட மாட்டார்களா? சிலுவை வடிவம் இருந்தால் எதில் சேர்ப்பது?

சேர்த்தே எழுதினால் குழப்பம் வராது. ‘விருதணியில் சேர்க்கப்பட்டார்’ என்று வேற்றுமை ஏறியதும் பெயர்ச்சொல் என்று தெரிந்துவிடும்.

வடிவத்தை நம்பாதீர்கள். பிரிட்டனின் வீர விருதான விக்டோரியா கிராஸ் சிலுவைதான், ஆனால் விருதணி அல்ல. பிரிட்டன் 1990-இல் வெளியிட்ட வீர விருதுத் தலைகளில் அதுவும் ஜார்ஜ் கிராசும் இருக்கின்றன. இவற்றுக்கு ‘வீரச்சின்னம்’ என்று மூன்றாவது பக்கம் போடுங்கள். ‘உறுப்பினர், படிநிலை உண்டா?’ என்று கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

ரிப்பனுக்கு ‘நாடா’ போதும், புதுச்சொல் வேண்டாம். அடையாளத்தில் பாதி அதன் நிறத்தில்தான் இருக்கிறது: மெடாய் மிலித்தேருக்கு மஞ்சள், ஓரம் பச்சை, விடுதலை விருதணிக்குத் துக்கத்தின் கறுப்பு, நம்பிக்கையின் பச்சை. அதனால்தான் அஞ்சல் உறையில் ஒட்டிய தலையை நீரில் ஊறவைத்துப் பிரிக்கும்போது கவனம் வேண்டும். நிற உறையைத் தனிப் பாத்திரத்தில் போடுங்கள். உறையின் சாயம் நீரில் இறங்கித் தலையில் ஏறினால் நாடாவின் நிறமே மாறிப்போகும். சாதாரணத் தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம், தலை தானாக வழுக்கி வரும்வரை. உரிக்கக் கூடாது. நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசி, படம் கீழே பார்க்க மைஒற்றுத் தாளில் வைத்து, ஈரம் போனபின் கனமான புத்தகத்தின் அடியில் ஒரு நாள். இஸ்திரிப்பெட்டி வேண்டாம், அந்தக் காலப் பிரெஞ்சுத் தலைகள் பெரும்பாலும் செதுக்குத் தகட்டில் அச்சானவை. மை வரிவரியாக மேடு கட்டியிருக்கும், நகத்தால் மெல்லத் தடவினாலே தெரியும். சூடுபட்டு அழுத்தினால் அந்த மேடு படிந்துபோகும்.

பிசின் உள்ள புதுத் தலையைத் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். தலையை வைக்கப் பிவிசி பிளாஸ்டிக் உறையும் கூடாது. அதை மென்மையாக்கச் சேர்த்த வேதிப்பொருள் கசிந்து, மையையும் தாளையும் கெடுக்கும்.

அட்டவணையில் இப்படி எழுதுகிறேன்: ‘விடுதலை விருதணி, பிரான்ஸ், 1960, செதுக்கச்சு.’ ‘செதுக்கச்சு’ பற்றித் தனி இழை தொடங்கலாம்.