புதுப்பிப்பு: சன்னலில் அல்ல, பரண் மூடியில் இருந்தது கசிவு

வெப்பமூட்டும் செலவைக் குறைக்கச் சன்னல்களை எல்லாம் இரட்டைக் கண்ணாடிக்கு மாற்றலாமா என்று முன்பு கேட்டிருந்தேன்; முதலில் காற்றுக் கசிவைத் தேடுங்கள் என்று பலர் சொன்னபடியே செய்தேன். காற்று பலமாக வீசிய நாளில் ஊதுபத்தியைக் கொளுத்திச் சட்டங்களின் ஓரமாகக் கொண்டுசென்றபோது, சன்னல்களருகே நேராகவே எழுந்த புகை, பரணுக்கு ஏறும் வழியின் மரமூடிக்குக் கீழே மட்டும் சட்டென்று வளைந்து இடுக்குக்குள் இழுபட்டது. சூடான காற்று மேலெழுந்து அவ்வழியே வெளியேற, அதற்கு ஈடாகக் கதவடியில் குளிர்காற்று ஓயாமல் நுழைந்துகொண்டிருந்திருக்கிறது. மூடியின் விளிம்பில் ரப்பர் பட்டையும் மேற்புறத்தில் வெப்பக்காப்புப் பலகையும் பொருத்திய பிறகு, ஹீட்டர் அணைந்திருக்கும் நேரம் நன்றாகவே கூடியிருக்கிறது. எரிவாயு ஹீட்டர் வைத்திருப்பவர்கள் அதற்கான காற்றுத்துளைகளை மட்டும் தயவுசெய்து அடைத்துவிடாதீர்கள்; மணமற்ற கார்பன் மோனாக்சைடு தேங்கினால் உயிருக்கே ஆபத்து. சன்னல்களை இப்போதைக்கு மாற்றப்போவதில்லை.