ஃபவுன்டன்ஸ் மடாலயத்துக்குக் கூரை போட்டால் என்ன?

கல்யாணமுருங்கை:
யார்க்‌ஷரில் ரிப்பன் என்ற இங்கிலாந்து ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற ஃபவுன்டன்ஸ் மடாலயத்துக்குக் குடும்பத்தோடு போய் வந்தோம். 1132இல் யார்க் நகரத்து மடத்தோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்த 13 துறவிகள் ஆரம்பித்த இடம். 1539இல் எட்டாம் ஹென்றி ராஜாவின் ஆட்கள் வந்து மூடினார்கள். அதுவரை சரி. அதற்காக இன்றைக்கும் மொட்டைச் சுவராகவே நிற்க வேண்டுமா? தேவாலயத்துக்குள் நின்றால் மேலே வானம், கீழே புல். ஹியூபி கோபுரம் 160 அடியாவது இருக்கும், உள்ளே ஒரு தளம்கூட இல்லை. நடுக்கூடத்துக்கு மட்டுமாவது கூரை போடலாமே என்பதுதான் என் கேள்வி. டெவனில் பக்ஃபாஸ்ட் மடாலயத்தைத் துறவிகளே 1907இல் தொடங்கி 1938இல் முடித்தார்கள். பெரும்பாலும் நாலு பேர்தான் வேலை செய்தார்களாம். நாலு பேரால் ஆனது, ஃபவுன்டன்ஸை இப்போது பராமரிக்கிற நேஷனல் டிரஸ்டால் ஆகாதா?

சுண்ணாம்புக்காரை:
பக்ஃபாஸ்ட்டை இதோடு சேர்க்காதீர்கள் அக்கா. அங்கே பழைய தேவாலயத்தில் மிஞ்சியது அடித்தளம்தான். அதைத் தோண்டியெடுத்து அதன்மேல் புதிதாகக் கட்டினார்கள். கட்டியவர்களும் அங்கேயே தங்கி ஜெபிக்கப் போகிறவர்கள். ஃபவுன்டன்ஸில் 12ஆம் நூற்றாண்டுச் சுவர் அப்படியே நிற்கிறது. அதன் தலையில் புதுக் கூரையின் பாரத்தை ஏற்றினால், காற்று தள்ளுகிற தள்ளும் சேர்ந்து அந்தச் சுவருக்குத்தான் போகும். சரி, எஃகுத் தூண் நட்டுத் தனியாகத் தாங்கவைக்கலாம் என்பீர்கள். தூணுக்குக் குழி தோண்ட வேண்டுமே, அந்தத் தரைக்கு அடியில் இருப்பதை யார் திரும்பக் கொடுப்பது?

இன்னொன்று. கூரை தானாக விழவில்லை. ஈயத்துக்காகப் பிரித்தார்கள். ஹென்றிக்குப் பணமாக வேண்டியிருந்தது மடத்துக் கூரைகளின் ஈயம். இதே யார்க்‌ஷரில் ரீவோ மடாலயத்தில் 1920களில் இடிபாட்டை அகற்றியபோது நாலு ஈயக் கட்டிகள் கிடைத்தன, அரசாங்க முத்திரையோடு. உருக்கி வார்த்து வைத்தவர்கள் எடுத்துப் போகுமுன் மேலே சுவர் சரிந்து மூடிவிட்டது. கடைசியில் அந்த ஈயம் யார்க் மின்ஸ்டர் பேராலயத்தின் ‘ஐந்து சகோதரிகள்’ என்ற கண்ணாடிச் சன்னலைப் பழுது பார்க்கப் போனது. நீங்கள் நின்று பார்த்த வானம் அந்தக் கொள்ளை விட்டுப் போன ஓட்டை. அதை மூடிவிட்டு அந்தக் கதையை எதை வைத்துச் சொல்வது?

பாதிவழி:
கொள்ளை விட்டுப் போன ஓட்டையாம்! அண்ணே, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் பார்ப்பது 1539 இல்லை, 1767. ஜான் ஐஸ்லபி என்ற நிதியமைச்சர் தென்கடல் கம்பெனி பங்கு ஊழலில் பதவி போய் ஊருக்குத் திரும்பி, பக்கத்து எஸ்டேட்டில் குளமும் கால்வாயுமாகத் தோட்டம் போட்டார். மகன் வில்லியம் 1767இல் மடாலய இடிபாட்டையே விலைக்கு வாங்கித் தோட்டத்தின் கடைசிக் காட்சியாகச் சேர்த்துக்கொண்டார். குப்பையை அள்ளினார், கல்லை ஒதுக்கினார், புல்தரை போட்டார். வில்லியம் கில்பின் என்ற பாதிரியார் அந்தக் காலத்திலேயே வந்து பார்த்து, இடிபாட்டைச் சீவிச் சிங்காரித்துக் கெடுத்துவிட்டார்கள் என்று காய்ச்சியெடுத்திருக்கிறார்.

தோட்டத்தில் மேட்டின் மேல் ஆன் பொலின் இருக்கை என்று ஓர் இடம் இருக்கிறதே, போனீர்களா? கதவைத் திறந்தால் மரங்களுக்கு நடுவே தூரத்தில் மடாலயம் தெரியும். விருந்தாளிகளை அசத்தச் செய்த ஏற்பாடு. மடத்தை இடித்த ராஜா தலையை வெட்டிய ராணியின் பேரில் ஒரு வேடிக்கை மேடை! இதற்குக் கூரை போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன? உண்மையான மடாலயத்தைப் பார்க்க வேண்டுமானால் ரீவோவுக்குப் போங்கள். தோட்டமும் கிடையாது, நாடகமும் கிடையாது.

சுண்ணாம்புக்காரை:
ரீவோவில் நாடகம் கிடையாதா? 1917இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டபின் சார்ல்ஸ் பியர்ஸ் என்ற அரசாங்கத் தொல்சின்ன அதிகாரியின் மேற்பார்வையில், முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களை வைத்து மலை மாதிரிக் கிடந்த இடிபாட்டை அகற்றினார்கள். நீங்கள் மெச்சுகிற ரீவோவின் புல்தரை அதற்கப்புறம் வந்தது. உயரமான சுவர்களுக்குள் வெளியே தெரியாமல் இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட் உத்தரங்கள் இருக்கின்றன. அவை இல்லாவிட்டால் சுவர் நிற்காது.

ஐஸ்லபியைத் திட்டுவது சுலபம். அவருக்கு வெகுகாலம் முன்னால் ஃபவுன்டன்ஸைக் கையில் வைத்திருந்தவர்களில் ஒருவர் ஸ்டீஃபன் புராக்டர். 1600 வாக்கில் மடாலயத்துக் கல்லையே பெயர்த்துப் பக்கத்தில் ஃபவுன்டன்ஸ் ஹால் என்று மாளிகை கட்டிக்கொண்டார், இன்றும் நிற்கிறது. இங்கிலாந்தில் எத்தனையோ மடங்கள் அப்படித்தான் வீட்டுச் சுவரும் வயல் வேலியுமாகக் கரைந்தன. ஒரு பணக்காரர் அழகுக்காகவாவது வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்ததால் இது தப்பியது.

கல்யாணமுருங்கை:
அப்படியானால் ரீவோவில் கான்கிரீட் வைத்தது சரி, கூரை மட்டும் பாவமா? எந்த நியாயம் தம்பி இது? ஃபவுன்டன்ஸ் தேவாலயத்தின் கிழக்குக் கோடியில் ஒன்பது பலிபீடத்து மண்டபத்தில் ஒரு சன்னலுக்கு மேலே தேவதை முகம் செதுக்கிய கல் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் சுவர் விரிசல் விட்டபோது துறவிகள் பழுது பார்த்து, ஒட்டுப்போட்ட இடத்தை அந்தச் சிற்பத்தால் மறைத்தார்களாம். அந்தத் துறவிகளிடம் போய், விரிசல்தான் வரலாறு, அப்படியே விடுங்கள் என்று சொல்லியிருப்பீர்களா?

சுண்ணாம்புக்காரை:
அவர்கள் அங்கே குடியிருந்தவர்கள். உங்கள் கூரைக்குக் கீழே யார் குடியிருக்கப் போகிறார்கள்? இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கத்தோலிக்கப் பிரமுகர்கள் சிலர் இதை வாங்கிப் புதுப்பித்து மறுபடி துறவிகளைக் குடியேற்றலாம் என்று கிளம்பினார்கள். நடக்கவில்லை. அந்த யோசனையில் குறைந்தபட்சம் ஆட்களாவது இருந்தார்கள். இப்போது கூரை போட்டால் கல்யாண வரவேற்பும் கிறிஸ்துமஸ் சந்தையும்தான் நடக்கும்.

நடுப்பகல்:
கூரை கூரை என்கிறீர்கள், கூரையோடு இருக்கிற இடத்தைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லையே. மேற்குப் பக்கத்துச் செல்லாரியம், அதாவது மடத்தின் சரக்கறைக் கட்டடம். 300 அடி நீளம், நடுவில் ஒற்றை வரிசைத் தூண். தூணுக்குத் தலைப்புக் கல்லே கிடையாது. தரையிலிருந்து எழும்புகிற கல், நிற்காமல் அப்படியே விரிந்து மேல் வளைவாகிவிடுகிறது. கையை வைத்துப் பாருங்கள், தூண் எங்கே முடிந்தது, கூரை எங்கே ஆரம்பித்தது என்று பிடிபடாது. கட்டினபோது இது இப்படி ஒரே கூடமாகவும் இல்லை. நடுநடுவே தடுப்புச் சுவர் வைத்துச் சரக்கறை ஒரு பக்கம், உழைப்பாளிச் சகோதரர்களின் (மடத்தின் உடலுழைப்பு வேலைகளைச் செய்தவர்களின்) சாப்பாட்டுக் கூடம் இன்னொரு பக்கம் என்று பிரித்திருந்தார்கள்.

அந்தச் சகோதரர்கள் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். லத்தீன் ஜெபமெல்லாம் மற்றவர்களுக்கு. இவர்களுக்கு ஆடு, வயல், ஆலை. இந்த மடம் பணக்கார மடமானது இவர்கள் வளர்த்த ஆட்டு ரோமத்தால். இத்தாலிய வியாபாரிகளிடம் வருகிற வருஷங்களின் ரோமத்தையும் முன்கூட்டியே விற்று, 13ஆம் நூற்றாண்டுக் கடைசியில் மடம் பெருங்கடனில் மாட்டியது தனிக் கதை. பிளேக் வந்தபின் அப்படிப்பட்ட ஆட்களே கிடைக்கவில்லை, நிலத்தைக் குத்தகைக்கு விட்டார்கள். நீங்கள் மூன்று பேரும் ராஜா, அமைச்சர், துறவி என்றே சுற்றுகிறீர்கள். கூரைக்காக ஏங்குகிறவர்கள் செல்லாரியத்துக்குள் எவ்வளவு நேரம் நின்றீர்கள்? படம் எடுத்துக்கொண்டு அந்தக் கோடியில் வெளியேறியிருப்பீர்கள்.

பாதிவழி:
இப்போது அங்கே குடியிருப்பது வௌவால்தான். அதற்காவது கூரை இருக்கிறதே.

கல்யாணமுருங்கை:
நடுப்பகல் அண்ணா, நீங்கள் என் பக்கம்தான் பேசியிருக்கிறீர்கள். கூரை இருக்கிற அந்த இடத்தில்தான் சாப்பிட்டவர்கள், சுமந்தவர்கள் என்று மனிதர்கள் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள். மற்ற இடத்தில் எல்லாம் புல்லைப் பற்றித்தானே இவ்வளவு நேரம் பேசினோம்?

சுண்ணாம்புக்காரை:
புல்லைப் பற்றிப் பேச்சை எடுத்தது நானில்லை அக்கா. நீங்கள் சொல்கிற கூரைக்கு வரைபடம் யார் போட்டாலும் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும்: மழைத் தண்ணீர் எந்தச் சுவர் வழியாக இறங்கும்?