41 குடும்பங்கள் உள்ள சபைக்கு ஐந்தாண்டுத் திட்டம்: எதை முதலில் தொடங்குவது?

கேள்வி: சபைச் செயலர், திருப்பூர்

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம்.

பல்லடம் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் இன்று 41 குடும்பங்கள் இருக்கின்றன. பெரும்பாலோர் பனியன் கம்பெனி வேலைக்காகத் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே நிலைத்துவிட்டவர்கள். சேகரத்தின், அதாவது ஒரே குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின், தலைமை ஆலயம் வேறிடத்தில் இருப்பதால் குருவானவர் மாதத்தில் இரண்டு ஞாயிறு வருகிறார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் (குருப்பட்டம் பெறாத சபை ஊழியர்) ஆராதனை நடத்துகிறார். அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கான திட்டத்தை எழுதித் தரும்படி குருவானவர் சபைக் கமிட்டியிடம் கேட்டிருக்கிறார்.

கமிட்டியில் கருத்து ஒன்றுபடவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஆலயத்தை இடித்துவிட்டு மாடியுடன் கட்ட வேண்டும், இடம் இருந்தால் ஆட்கள் வருவார்கள் என்பது மூத்தவர்களின் எண்ணம். ஆண்டுதோறும் மூன்று நாள் சுவிசேஷக் கூட்டம் நடத்த வேண்டும் என்று வாலிபர்கள் கேட்கிறார்கள். என் கவலை வேறு. சென்ற ஆண்டு திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் வளர்ந்தபின் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிடும் சடங்கு) பெற்ற ஒன்பது பிள்ளைகளில் இப்போது தவறாமல் வருகிறவர்கள் மூன்று பேர்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த ஏழெட்டுப் பேர் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். நாங்கள் பாடிய பாட்டின் மெட்டு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதே மெட்டில் தங்கள் மொழியில் மெதுவாகப் பாடினார்கள், காணிக்கைப் பை வந்தபோது காணிக்கையும் போட்டார்கள். ஆசீர்வாதம் முடிந்ததும் நாங்கள் ஒருவருக்கொருவர் கை குலுக்கி, கேக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எங்களில் ஒருவரும் அவர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அது என் மனதை இன்றுவரை உறுத்துகிறது.

கட்டடம், சுவிசேஷ ஊழியம், சீஷத்துவம் (விசுவாசிகளை இயேசுவின் சீஷர்களாக வளர்ப்பது) ஆகியவற்றில் எதை முதலில் வைப்பது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற உபதேசியார், நாசரேத்

அன்புத் தம்பிக்கு ஸ்தோத்திரம்.

34 ஆண்டுகள் கிராமச் சபைகளில் ஊழியம் செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கட்டடத்தைப் பின்னால் வையுங்கள். அது வேண்டாதது என்று நான் சொல்லவில்லை. ஆட்களை உருவாக்குகிற காலத்தை அது விழுங்கிவிடும் என்பதே என் பயம். கட்டட வேலை தொடங்கிவிட்டால் கமிட்டி கூடும்போதெல்லாம் சிமெண்டையும் கம்பியையும் பற்றித்தான் பேச்சு நடக்கும், இதை நான் இரண்டு சபைகளில் பார்த்திருக்கிறேன்.

நம் திருநெல்வேலிச் சபைகளிலிருந்து புறப்பட்ட அசரியாவை நினைத்துப் பாருங்கள். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோதே, ஆட்களும் பணமும் நிர்வாகமும் இந்தியர்களுடையதாகவே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அவர் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்குச் சென்று 1912-இல் பேராயரானார். அங்கே பேராலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டதோ 1939-இல். இடைப்பட்ட காலத்தில் கிராமம் கிராமமாகச் சபைகள் பெருகின. ஞானஸ்நானம் பெறுகிறவர் தம் தலைமேல் தாமே கைவைத்து, தாம் ஞானஸ்நானம் பெற்றவர் என்றும் சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் தமக்கு ஐயோ என்றும் சொல்லும்படி அவர் பழக்கியிருந்தார். படிக்கத் தெரியாதவர்களும், நிலமில்லாத கூலிகளும் அப்படிச் சொன்னார்கள். சுவிசேஷ ஊழியம் உபதேசியாரின் சம்பள வேலை என்று எண்ணுகிற பழக்கம் அந்தச் சபைகளில் வேர்விடாமல் போனதற்கு அது ஒரு முக்கியமான காரணம் என்று நம்புகிறேன்.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். தேரிக்காட்டை ஒட்டிய ஓர் ஊரில் 26 குடும்பங்களுக்கு நான் உபதேசியாராக இருந்தபோது, எல்லோருக்கும் வேதபாட வகுப்பு நடத்திப் பார்த்தேன். இரண்டு மாதத்தில் கூட்டம் கரைந்துவிட்டது. பிறகு நான்கு பேரை மட்டும் தெரிந்துகொண்டேன்: உப்பளத்தில் வேலை செய்த ஒருவர், பள்ளிக்கூட ஆயா, ஒரு விதவைத் தாய், பத்தாம் வகுப்பில் தோற்றுப்போன ஒரு பையன். செவ்வாய் இரவு எட்டு மணிக்கு மாற்கு சுவிசேஷத்தில் ஒரு பகுதியை வாசிப்போம். அதை ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறொரு வீட்டில் தன் சொந்த வார்த்தையில் சொல்லிவிட்டு வர வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. அந்தத் தாய்க்கு எழுத்துத் தெரியாது. நான் வாசிக்க வாசிக்கக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். மறுநாள் ஓலைப்பெட்டி முடைந்துகொண்டே அடுத்த வீட்டுத் திண்ணையில் ஒரு வரி விடாமல் சொல்வார்கள். இரண்டு ஆண்டுகளில் அந்த நால்வரிடமிருந்து பதினோரு பேர் உருவானார்கள். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், கேட்டதை மற்றவர்களுக்குப் போதிக்கத்தக்க உண்மையுள்ள மனுஷரிடத்தில் ஒப்புவி என்று சொன்னது இதைத்தான்.

உங்கள் ஒன்பது பிள்ளைகளைப் பற்றி: திடப்படுத்தல் வகுப்பில் பத்துக் கற்பனைகளும் விசுவாசப் பிரமாணமும் மனப்பாடமாகிவிடுகின்றன, திடப்படுத்தலுக்கு மறு வாரத்திலிருந்து அந்தப் பிள்ளைக்குச் சபையில் ஒரு வேலையும் இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோர் அல்லாத ஒரு பெரியவரை ஓராண்டுக்குப் பொறுப்பாக வையுங்கள். வராமல் போன ஆறு பேரின் வீட்டுக்கு முதலில் நீங்களே போங்கள். ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம், வேலை எப்படிப் போகிறது என்று கேளுங்கள்.

பதில் 2: மாதர் சங்கப் பொறுப்பாளர், கோவை

சகோதரருக்கு வணக்கம். உங்கள் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியை வாசித்தபோது எங்களுக்கு நடந்ததே நினைவுக்கு வந்தது.

நான் லுத்தரன் சபையைச் சேர்ந்தவள். எங்கள் ஆலயத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு நூற்பாலையின் விடுதியில் ஜார்க்கண்ட், ஒடிசாப் பெண்கள் தங்கியிருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறுதான் அவர்களை வெளியே விடுவார்கள். அதை இரண்டாக்குவதற்கு நாங்கள் பலமுறை போய்க் கேட்க வேண்டியிருந்தது. அவர்களுக்குச் சுவிசேஷம் சொல்லப் போகிறோம் என்ற நினைப்பில், இந்தியில் அச்சிட்ட கைப்பிரதிகளோடு முதல் நாள் சென்றோம். ஒரு பெண் அதை வாங்கி வாசித்துவிட்டுச் சிரித்தாள். அவள் முண்டா இனத்தவள். தாத்தா காலத்திலிருந்தே அவர்கள் குடும்பம் ராஞ்சியின் கோஸ்னர் லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்தது. 1845-இல் ஜெர்மன் மிஷனெரிகள் தொடங்கிய பணி அது. அவர்கள் திருச்சபையும் எங்கள் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் 1919 என்ற ஒரே ஆண்டில் தன்னாட்சி பெற்றவை என்பதை அவள் வழியாகத்தான் அறிந்துகொண்டேன். ஆத்தும ஆதாயத்துக்கு என்று நாங்கள் தேடிப் போனவர்கள் எங்கள் உடன்பிறப்புகளாக இருந்தார்கள்.

அன்று மொழி தெரியாமல் திணறியபோது, சங்கீதம் 23-ஐ அவள் இந்தியில் ஒரு வசனம் வாசிக்க, நாங்கள் அதே வசனத்தைத் தமிழில் வாசித்தோம். மொழிபெயர்ப்பாளர் யாரும் தேவைப்படவில்லை. ஊரில் அவள் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியையாக இருந்தவள் என்று பிறகு தெரிந்தது. கடந்த மே மாதம் எங்கள் விடுமுறை வேதாகமப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு அபிநயப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தது அவள்தான்.

ஆகவே அந்த ஏழெட்டுப் பேரையும் உங்கள் திட்டத்தில் உதவி பெறுவோர் என்ற தலைப்பில் எழுதாதீர்கள். அவர்கள் எந்தத் திருச்சபை என்று கேளுங்கள்; கத்தோலிக்கராக இருந்தால் அருகிலுள்ள பங்கு ஆலயத்தின் பூசை நேரத்தைச் சொல்லி அனுப்புங்கள், அதில் நமக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. நேரத்தையும் யோசியுங்கள். திருப்பூரில் சனிக்கிழமை இரவு சம்பளம். ஞாயிறு காலையில்தான் அவர்கள் துணி துவைத்து, சந்தைக்குப் போய், வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியும். காலை எட்டரை ஆராதனைக்கு வரவில்லை என்றால் விசுவாசம் குறைவு என்று பொருள் அல்ல. மாதத்தில் ஒரு ஞாயிறாவது மாலை ஐந்து மணிக்கு ஒரு கூடுகை வைத்துப் பாருங்கள்.

பதில் 3: சேகரப் பொருளாளர்

கட்டடம் பற்றியும் பணம் பற்றியும் மட்டும் சொல்கிறேன். தமிழ்நாட்டில் பொது வழிபாட்டுக்கான கட்டடம் கட்ட மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். வரைபடம் போட்டு நிதி திரட்டிய பிறகு அனுமதிக்கு அலைகிற சபைகளைப் பார்த்திருக்கிறேன். மனு முதலில் போகட்டும். நிலப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் இப்போதே எடுத்துப் பாருங்கள். தனிநபர் பெயரில் இருந்தால், அவர் உயிரோடும் நல்ல மனதோடும் இருக்கும்போதே அதை, திருச்சபையின் சொத்துகளை வைத்திருக்கும் சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் பெயருக்கு மாற்றிவிட வேண்டும்.

வெளியூர் நன்கொடையை நம்பித் திட்டம் எழுத வேண்டாம். எங்கள் சேகரத்தில் பெண்கள் சமைக்கும்போது ஒதுக்கும் பிடி அரிசிக் காணிக்கை இன்றும் உண்டு. அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வரும் பொருட்களின் ஏலத்தில் ஒரு பூசணிக்காயைப் போட்டி போட்டு எடுக்கிறவர்கள், இந்தப் பணம் இன்ன ஊழியத்துக்கு என்று முன்கூட்டிச் சொன்னால் இன்னும் மனமுவந்து எடுக்கிறார்கள். வரவு செலவை மாதந்தோறும் ஆலய வாசலில் ஒட்டுங்கள்.

கிறிஸ்தவர் அல்லாத பிள்ளைகளுக்கு டியூஷன் போன்ற எதைத் தொடங்கினாலும், பெற்றோரை நேரில் அழைத்து, யார் நடத்துகிறார்கள், என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவு நம் விசுவாசத்தை எடுத்துச் சொல்லும் உரிமையைத் தருகிறது. ஒருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நோட்டுப் புத்தகத்தைக் காட்டி ஒரு குழந்தையை ஜெபத்துக்கு உட்காரவைப்பது சுவிசேஷத்துக்கே அவமானம்.

செயலரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உபதேசியார் ஐயாவின் பதிலைக் கமிட்டியில் வாசித்துக் காட்டினேன். கட்டடக் கோரிக்கை கைவிடப்படவில்லை. ஆனால் முதல் இரண்டு ஆண்டுகளில் பத்திரத்தைச் சரிபார்ப்பதும் அனுமதி மனு கொடுப்பதும் மட்டும் நடக்கும் என்று மூத்தவர்கள் ஒப்புக்கொண்டார்கள். செவ்வாய் இரவு வகுப்புக்கு ஐந்து பேரைத் தெரிந்துகொண்டிருக்கிறோம். அவர்களில் இருவர் அந்த ஒன்பது பிள்ளைகளைச் சேர்ந்தவர்கள்.

நேற்று மாலை உபதேசியாரும் நானும் மாநகராட்சித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடுகளுக்குப் போனோம். அந்த ஏழெட்டுப் பேரில் மூவர் இருந்தார்கள். எங்களைக் கட்டிலில் உட்காரவைத்து, தாங்கள் தரையில் உட்கார்ந்து, பால் இல்லாத டீ கொடுத்தார்கள். அடுத்த மாதம் முதல் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கோவை அம்மாவிடம் ஒரு வேண்டுகோள்: அந்தச் சகோதரிக்கு வெளியே வர அனுமதி கிடைக்கும் ஞாயிறு அதுவாக இருந்தால், அவரை அழைத்துக்கொண்டு திருப்பூர் வரை வர இயலுமா?