பொருள்: 'சிசெஷன்' – பிரிவினையா, விலகலா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

கூட்டாட்சி அரசமைப்புகளை ஒப்பிடும் பாடநூல் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைத்தாக வேண்டும். உறுப்பு மாநிலம் ஒன்று கூட்டாட்சியை விட்டு வெளியேறுவதைக் குறிக்கும் 'சிசெஷன்' என்பதற்குப் 'பிரிவினை' என்றே எழுதிவந்தேன். 1947இல் இந்தியா இரண்டானதற்கும் அதே சொல்லை ஆண்டிருப்பதை மெய்ப்பு நோக்கியவர் சுட்டிக்காட்டிய பிறகு மேலே நகர முடியவில்லை.

*

அம்மையீர், 'பிரிவினை'யைப் பாகப்பிரிவினைக்கும் 1947க்கும் விட்டுவிடுங்கள். பிரிதல் தன்வினை, பிரித்தல் பிறவினை. பாகப்பிரிவினையில் நிலம் தானே பிரிவதில்லை, பிறர் பிரிக்கிறார்கள். அன்றியும், அச்சொல்லில் 'தீவினை'யின் வினை ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1963இல் வந்த இந்திய அரசமைப்பின் 16ஆம் திருத்தம், நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காக்கப் பேச்சுரிமைக்கு வரம்பிடலாம் என்றும், தேர்தல் வேட்பாளர்கள் அவற்றைக் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றும் ஆக்கிய பின், 'பிரிவினை' குற்றச்சாட்டாகவே ஒலிக்கிறது. சோவியத் ஒன்றியத்தின் 1977ஆம் ஆண்டு அரசமைப்போ 72ஆம் பிரிவில் (இங்கேயும் 'பிரிவு'தான்!) அதைக் குடியரசுகளின் உரிமையாக எழுதிவைத்தது. குற்றத்தையும் உரிமையையும் ஒரே சொல் தாங்காது. என் பரிந்துரை, செல்லுதல் எனப் பொருள்படும் 'ஏகல்'.

*

ஐயா, 'பிரிவினை'யில் வினை இருக்கிறதென்றால் 'படிப்பினை'யில் எதைக் காண்பீர்கள்? இரண்டிலும் இருப்பது ஈறு மட்டுமே. 'ஏகல்' என்று கரும்பலகையில் எழுதினால் அதற்கு உரை எழுதவே வகுப்பு முடிந்துவிடும். 'பிரிதல்' என்பதும் எனக்கு உடன்பாடன்று. அது அகப்பாடல்களில் பாலைத் திணையின் உரிப்பொருள், பொருள்தேடப் பிரிந்த தலைவன் மீண்டு வருவான் என்ற நம்பிக்கை அதனுள் இருக்கிறது. 'விலகல்' போதும்.

*

'விலகல்' மிக எளிதாக ஒலிக்கிறது. சங்கத்தின் உறுப்பினர் கடிதம் கொடுத்து விலகுவதைப் போல. கியூபெக் மாநிலம் தன்விருப்பில் ஒருதலையாக வெளியேற முடியாது, ஆனால் தெளிவான கேள்விக்கு மக்களில் தெளிவான பெரும்பான்மையினர் ஆம் என்றால் மற்றவர்கள் பேச்சுவார்த்தைக்கு வந்தே ஆக வேண்டும் என்றது கனடாவின் உச்ச நீதிமன்றம், 1998இல். அமெரிக்க உச்ச நீதிமன்றமோ 1869இல், டெக்சாஸின் வெளியேற்றத் தீர்மானம் சட்டத்தின் முன் செல்லாது என்றது. அதாவது அம்மாநிலம் விலகவே இல்லை. ஆகவே நாம் ஆக்கும் சொல் எந்தத் தீர்ப்பையும் முன்கூட்டியே சொல்லிவிடக் கூடாது. 1965இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து வெளியே வந்ததற்கோ இவை எதுவுமே பொருந்தாது; தன்வினை பிறவினை என்ற ஐயாவின் இலக்கணம் அங்கேதான் பயன்படும், அது பிரித்துவிடப்பட்டது.

*

அனைவருக்கும் நன்றி. 'பிரிந்துசெல்லும் உரிமை' என்ற தொடர் தமிழில் ஏற்கெனவே புழங்குவதால் 'பிரிந்துசெல்லல்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். அதைச் செய்வோரை என்ன சொல்வது என்பது மட்டும் தீரவில்லை. 'பிரிந்துசெல்வோர்' என்றால் வழிப்போக்கர் போலிருக்கிறது, 'பிரிவினைவாதி' என்றால் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறோம்.

*

'பிரிந்துசெல்லல்' தொடர், கலைச்சொல்லன்று. 'ஏகல்' பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. இரண்டாம் பதிப்பின்போது எழுதுகிறேன்.