எலிங்டனின் நியூபோர்ட்: எந்தப் பதிப்பை முதலில் கேட்பது?

வேம்பு:
அமெரிக்க ஜாஸ் குழுத்தலைவர் ட்யூக் எலிங்டனை இதுவரை உதிரி உருப்படிகளாக மட்டுமே கேட்டிருக்கிறேன். முழு ஆல்பம் ஒன்று சொல்லுங்கள் என்றால் எல்லாரும் 'எலிங்டன் அட் நியூபோர்ட்' என்கிறார்கள். தேடினால் இரண்டு கிடைக்கின்றன. 1956இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட இசைத்தட்டு ஒன்று. 1999இல் முழுக் கச்சேரி என்று இரண்டு குறுவட்டுகளாக வந்தது மற்றொன்று. எதை முதலில் கேட்பது? "இரண்டையும் கேள்" என்று மழுப்பாதீர்கள்.

பழந்தட்டு:
1956தான், சந்தேகமே வேண்டாம். ஒரு பக்கத்தில் நியூபோர்ட் ஜாஸ் விழாவுக்கென்றே எழுதிய தொகுப்பிசை, அதாவது பல பகுதிகள் சேர்ந்த ஒரே படைப்பு. தட்டைத் திருப்பிப் போட்டால் குழுவின் ஆல்டோ சாக்ஸஃபோன் கலைஞர் ஜானி ஹாட்ஜஸின் 'ஜீப்ஸ் ப்ளூஸ்' நிதானமாக இழைகிறது. அதன்பின் 'டிமினுவெண்டோ அண்ட் க்ரெஸெண்டோ இன் ப்ளூ'. 1937இல் எழுதிய இரண்டு பகுதிகளுக்கும் நடுவே பால் கொன்சால்வெஸ் டெனர் சாக்ஸஃபோனில் 27 சுற்று வாசிக்கிறார். சுற்றுக்கு 12 பார், அதாவது 12 தாளக் கட்டு. கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து ஆடத் தொடங்க, பின்னாலேயே மைதானம் எழுந்துவிடுகிறது. அவர் காலம் முடிந்தது என்று பலர் முடிவுகட்டியிருந்த எலிங்டன், அடுத்த மாதம் டைம் இதழின் அட்டையில் இருந்தார். அவருடைய தட்டுகளிலேயே அதிகம் விற்றதும் இதுதான். உலகம் கேட்டது இதை. நீங்களும் இதையே கேளுங்கள்.

கீரனூரான்:
உலகம் கேட்டது எதை என்பதையும் சொல்லிவிடுங்களேன், ஐயா. கச்சேரி ஜூலை 7, சனிக்கிழமை இரவு. திங்கட்கிழமை நியூயார்க் ஸ்டுடியோவில் குழுவை உட்காரவைத்து, தொகுப்பிசையை மறுபடி வாசிக்கவைத்து, அதன் மேல் கைதட்டலை ஒட்டினார்கள். ஆளில்லாத அறையில் ஆரவாரம்!

கொன்சால்வெஸ் கதை இன்னும் மோசம். அவர் நின்று வாசித்தது வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் மைக் முன்னால். அதனால் கொலம்பியாவின் நாடாவில் அவர் மங்கலாகவே பதிவானார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைத் தூணுக்குப் பின்னால் உட்காரவைத்த மாதிரி. வானொலியின் நாடா 1990களில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் கிடைத்தது. மறுவெளியீட்டைத் தயாரித்த ஃபில் ஷாப் அதையும் கொலம்பியா நாடாவையும் பொருத்தி ஸ்டீரியோவாக்கினார். அதுதான் 1999. அதில் சாக்ஸஃபோன் முகத்துக்கு நேரே நிற்கிறது. ஒரு சுற்று முடிந்து அடுத்ததற்குள் அவர் நுழையும் இடத்தில் மூச்சு தெரிகிறது.

பழந்தட்டு:
கைதட்டல் ஒட்டியதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் மறுபதிவு கேட்டவர் எலிங்டனேதான். அவரும் பில்லி ஸ்ட்ரேஹார்னும் எழுதிய அந்தத் தொகுப்பிசைக்குப் போதிய ஒத்திகை நடக்கவில்லை. மேடையில் வந்த விதம் அவருக்குத் திருப்தியில்லை. எழுதியவரே வேண்டாம் என்ற வாசிப்பை, முழுமை என்ற பெயரில் புதியவர் தலையில் ஏன் கட்ட வேண்டும்?

நிலா_ஸ்கார்பரோ:
கொன்சால்வெஸுக்காக 1999 பக்கம் நிற்கிறேன், ஆனால் கீரனூரான் காட்டும் வேகத்தில் இல்லை. ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' தட்டில் முதல் பக்கம் பல ஆண்டுகள் சற்றே வேகமாக ஓடி, சுருதி ஏறிக் கேட்டது. ஒலிப்பதிவு நாளில் நாடா இயந்திரம் மெதுவாக ஓடியதே காரணம். 1992இல் சரிசெய்தார்கள். அது திருத்தம், பழைய வேகமே வேண்டும் என்று யாரும் அழுததாகத் தெரியவில்லை. நியூபோர்ட் ஸ்டீரியோ அப்படிப்பட்டதல்ல. இரண்டு நிறுவனங்கள் தனித்தனியே பிடித்த இரண்டு மோனோ (ஒற்றைத் தடம்) ஒலிகளை இடப்பக்கமும் வலப்பக்கமும் வைத்துக் கட்டியது. அருமையான வேலைதான், ஆனால் அதுவும் கட்டியதுதான். "அசல்" என்ற சொல்லை இரு தரப்பும் கொஞ்சம் கீழே வைக்கலாம்.

கீரனூரான்:
கட்டியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கட்டிய பொருள் நியூபோர்ட்டில் ஒலித்தது, ஸ்டுடியோவில் ஒட்டியது அல்ல. பழந்தட்டு ஐயாவுக்கு ஒரு செய்தி: அந்த ஸ்டுடியோ வாசிப்புகளும் இரண்டாவது குறுவட்டில் இருக்கின்றன. எதையும் யாரும் பறிக்கவில்லை.

பழைய தட்டில் இல்லாதது என்ன தெரியுமா? அந்த 27 சுற்றுக்குப் பிறகு நடந்தது. கூட்டம் கட்டுமீறிவிடுமோ என்று விழா நடத்திய ஜார்ஜ் வெய்ன் கச்சேரியை முடிக்கப் பார்க்கிறார்; எலிங்டன் விடவில்லை. ஹாட்ஜஸை முன்னால் அழைத்து மெதுவான பாட்டை எடுத்துக் கூட்டத்தை அமர்த்துகிறார். பிறகும் சலசலப்பு அடங்காமல் மைக்கில் பேசிச் சமாளிக்கிறார். ஒரு குழுத்தலைவர் எப்படி வேலை செய்வார் என்பதை எந்த ஸ்டுடியோ காட்டும்?

பழந்தட்டு:
தொடக்கத்தையும் சொல்லுங்கள். தேசிய கீதம், அறிமுக உரை, சில கலைஞர்கள் வந்து சேராமலே வாசித்த முதல் சில உருப்படிகள். புதிதாகக் கேட்பவர் அங்கேயே எழுந்து போய்விடுவார்.

வேம்பு:
அப்படியானால் 1999ஐ எடுத்து, தொடக்கத்தைத் தாண்டி 'டிமினுவெண்டோ'விலிருந்து ஹாட்ஜஸ் வரை முதலில் கேட்கிறேன். தொகுப்பிசைக்கு மட்டும் ஸ்டுடியோ வாசிப்பு. சரிதானே?

கீரனூரான்:
சரி.

பழந்தட்டு:
தொகுப்பிசையில் நான் சொன்னதைத்தானே கேட்கப் போகிறீர்கள்; அதுவரை சந்தோஷம். ஹெட்ஃபோன் வேண்டாம், ஸ்பீக்கரில் கேளுங்கள். ஹெட்ஃபோனில் அந்த ஸ்டீரியோ இரண்டு துண்டாக நிற்கும். அப்புறம் என்னிடம் வந்து முறையிடக் கூடாது.