20 மாசக் குழந்தையோட சிங்கப்பூர் – பினாங்கு – புக்கெட் கப்பல் பயணம்: எதெல்லாம் பார்த்துக்கணும்?

நெய்தல் (கேள்வி):
வணக்கம். மரீனா பே குரூஸ் சென்டர்ல ஏறி, பினாங்கு, புக்கெட் போய்த் திரும்புற 4 இரவுப் பயணம். நாங்க ரெண்டு பேர், 20 மாசப் பையன், என் மாமியார். எல்லாருக்கும் இந்திய பாஸ்போர்ட். பையன் இன்னும் டயப்பர்லதான் இருக்கான். காலையில கஞ்சி இல்லாம பொழுது விடியாது. ரூம் எப்படி எடுக்கணும்? கஞ்சிக்கு என்ன வழி? நீச்சல் குளத்துல இறக்கலாமா?

மேல்தளம்:
குளம்னா பதில் சின்னது: விடமாட்டாங்க. டயப்பர் விடாத குழந்தைக்குப் பெரும்பாலான கப்பல்ல குளமும் ஜக்கூசியும் (குமிழ் விடுற வெந்நீர்த் தொட்டி) தடை. ஸ்விம் டயப்பர் போட்டாலும் அதே கதைதான். அது கெட்டியா போனதைப் பிடிக்கும், தண்ணியா போனா கசியும். வயித்துப்போக்குக் கிருமிகள்ல சிலது குளோரின் தண்ணியில நாள்கணக்கா தாங்கும். சில கப்பல்ல கைக்குழந்தைகளுக்குன்னே தனியா நீர் விளையாட்டு இடம் இருக்கு. பணம் கட்டும் முன்னாடி அது உண்டான்னு கேளுங்க. குழந்தைகளை விட்டுட்டுப் போற கிட்ஸ் கிளப்புக்கும் பொதுவா 3 வயசு ஆகி, டயப்பரும் விட்டிருக்கணும்.

ரூமுக்கு வருவோம். மடியில உட்கார்ற குழந்தைன்னாலும் கப்பல்ல அவன் ஒரு முழு ஆள். உயிர்காப்புப் படகுல இடம் தலைக்கணக்குல போகுது. அதனால 4 பேர் ரூம்தான் வேணும். அதுல நாலாவது படுக்கை பல சமயம் மேலேருந்து இறக்குற பங்க், ஏணி வெச்சு ஏறணும். மாமியாருக்கு அது சரிப்படாது. நடுவுல கதவு இருக்குற ரெண்டு ரூம் கிடைச்சா அதுவே மேல். தொட்டில் கட்டில் கேட்டா தருவாங்க. புக்கிங்லயே எழுதிடுங்க. அதைப் போட்டா நடக்குற இடம் பாதி போயிடும்.

பால்கனி எடுத்தா ஒண்ணு கவனம். பால்கனிக் கதவு திறந்திருக்கும்போது ரூம் கதவைத் திறந்தா, காத்து ஒரே இழுப்பா இழுத்து கனமான கதவை அறையும். குழந்தை விரல் இருக்குற உயரத்துலதான் அந்த இடுக்கு. ஒண்ணைச் சாத்திட்டுத்தான் இன்னொண்ணைத் திறக்கணும். நாற்காலியைக் கம்பிக்குப் பக்கத்துல போடவே கூடாது.

அடுக்களை:
கெட்டில், இண்டக்‌ஷன் எதுவும் கொண்டுபோக முடியாது. தீ பயத்துல ஏறும்போதே வாங்கி வெச்சுக்குவாங்க. அரை லிட்டர் பிளாஸ்க் கொண்டுபோய் பஃபேயில காபி மெஷின் கிட்ட வெந்நீர் பிடிச்சுக்குங்க.

ஆனா பிளாஸ்க் தண்ணியில ராகி மாவு வேகாது. மேல பசையாகி உள்ள பச்சை மாவா கட்டி தட்டும், வயிறும் வலிக்கும். வறுத்து அரைச்ச சத்துமாவும் அப்படித்தான், அடுப்புல வெச்சுத்தான் காய்ச்சணும். சரியான ஆள் அவல். நெல்லை ஊறவெச்சு, சூடாக்கி, தட்டி எடுக்குறதால அது ஏற்கெனவே பாதி வெந்தது. லேசா வறுத்து நைசா பொடிச்சு வெச்சுக்குங்க. 3 டேபிள்ஸ்பூன் பொடியை முதல்ல கொஞ்சம் ஆறின தண்ணியில கரைச்சு, அப்புறம் 150 மில்லி வெந்நீர் ஊத்தி, மூடி 5 நிமிஷம் விடுங்க. வாழைப்பழம் பஃபேயிலயே கிடைக்கும், மசிச்சுப் போடலாம்.

வீட்டுல செஞ்ச இட்லி, சாதம் எல்லாம் ஏத்த விடமாட்டாங்க. சீல் பிரிக்காத குழந்தை உணவுக்குத் தடை இருக்காது. வீட்டுப் பொடின்னா பேர் எழுதி ஒட்டி, கம்பெனிகிட்ட மெயில்ல முன்கூட்டியே கேட்டு வெச்சுக்குங்க. ராத்திரி சாப்பாட்டுக்கு ரெண்டு பந்தி இருந்தா முதல் பந்தி எடுங்க. ரெண்டாவது தொடங்கவே 8 மணி கிட்ட ஆயிடும்.

டயப்பர் ஒரு நாளைக்கு 6 வெச்சு 5 நாளைக்கு 30, மேல 10. கப்பல் கடையை நம்ப வேண்டாம். இதுல 4, ஒரு மாத்து உடுப்பு, மருந்து எல்லாம் கைப்பையில இருக்கட்டும். துறைமுகத்துல ஒப்படைச்ச பெட்டி ரூமுக்கு வர சாயங்காலமே ஆயிடலாம். டயப்பர் மாத்தினா கையை சோப்பு போட்டே கழுவுங்க. வாந்தி, வயித்துப்போக்கு வரவைக்கிற நோரோ வைரஸுக்கு சானிட்டைசர் சரியா வேலை செய்யாது.

திசைகாட்டி:
விசா விஷயம் யாரும் சொல்லலை. சிங்கப்பூர்ல ரெண்டு தடவை நுழையுறீங்க, ஒரே நுழைவு விசா இருந்தா திரும்பி வரும்போது மாட்டிக்குவீங்க. கரையில இறங்கலைன்னாலும் மலேசியா, தாய்லாந்து நுழைவு விதி உங்களுக்கும் பொருந்தலாம். அது மாறிட்டே இருக்கு, கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது இன்னொரு தடவை பாருங்க.

கப்பல் ஆட்டத்துக்குன்னு பிராமெத்தசின் சிரப்போ, அதே வகை மருந்தான அவோமின் மாத்திரையோ குடுத்துடாதீங்க. 2 வயசுக்குள்ள மூச்சை அமுக்கும். நம்ம ஊர்ல தூங்க வைக்கன்னே குடுக்குறவங்க இருக்காங்க, அதான் சொல்றேன். மலாக்கா நீரிணை ரெண்டு பக்கமும் நிலம் அணைச்ச கடல், பொதுவா அமைதியாத்தான் இருக்கும். கீழ்த்தளத்துல நடுப்பகுதி ரூம்னா ஆட்டம் இன்னும் குறையும்.

நெய்தல்:
எல்லாருக்கும் நன்றி. அவல் யோசனை அருமை. ஸ்ட்ரோலர் எடுத்துட்டு வரலாமா?

திசைகாட்டி:
குடை மாதிரி மடங்குறது மட்டும். ரூம் கதவு ஒடுக்கம், வராந்தாவுல நிறுத்தவும் விடமாட்டாங்க. பினாங்குல ஸ்வெட்டன்ஹாம் பியர்ங்கிற கப்பல் துறையில கப்பல் நேரா கரையிலேயே கட்டும். அங்கிருந்து ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவுக்குத் தள்ளிட்டே போகலாம், பையனுக்கு அங்க சூடா இட்லி கிடைக்கும். புக்கெட் அப்படியில்லை. பெரிய கப்பல்கள் பெரும்பாலும் பாத்தோங் கடற்கரைக்கு வெளிய நங்கூரம் போட்டு, சின்னப் படகுல இறக்கும். படகு ஆடும்போது ஒரு கை பிடிமானத்துல இருக்கணும், அதனால குழந்தையை நெஞ்சோட கட்டுற கேரியர் வேணும்.

தாய்லாந்து மணி சிங்கப்பூரை விட 1 மணி நேரம் பின்னாடி. போன் தானா மாறிடும், கப்பல் கடிகாரம் மாறாமலும் இருக்கலாம். போன்ல 3 காட்டும்போது கப்பல்ல 4 ஆயிருக்கும். இறங்கும்போது கடைசிப் படகு எந்த மணிக் கணக்குல எத்தனைக்குன்னு வாசல்ல நிக்கிற ஆளைக் கேட்டுட்டு இறங்குங்க.